டிஸ்க்கில் வரும் விண்டோஸ் அப்டேட்: இணையம் இல்லாத கணினிக்கு எப்படிப் போடுவது, ஏன் சிக்குகிறது

“நெட்டே இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். “டிவிடியில் காப்பி பண்ணிக் கொண்டுபோய்ப் போட்டால் ஆகிவிடும்” என்பார்கள் வேறு சிலர். ஆஃப்லைன் அப்டேட் என்றாலே விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று நினைப்பவர்களும் உண்டு. மூன்றுமே சரியல்ல. ஆய்வகக் கருவியோடு இணைந்த கணினி, கடையின் பில்லிங் கணினி, தொழிற்சாலை இயந்திரத்தை ஓட்டும் கணினி என நெட் இல்லாமலோ வேண்டுமென்றே நெட் கொடுக்காமலோ வைத்திருக்கும் கணினிகள் ஏராளம். அவற்றுக்கு டிஸ்க் வழியாக அப்டேட் கொண்டுபோவது நேர்மையான, முழுமையான வழி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்தால் போதும். இங்கே விண்டோஸ் 10, 11 இரண்டையும் வைத்தே சொல்கிறோம்.

## நெட் இல்லையென்றால் ஆபத்தும் இல்லையா?

2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸை நினைவில் கொள்ளுங்கள். ஈரானின் நாதன்ஸ் யுரேனிய ஆலைக் கணினிகள் வெளியுலக இணையத்தோடு இணைக்கப்படாதவை. ஆனாலும் அது உள்ளே நுழைந்தது. அது பரவிய வழிகளில் முக்கியமானது பென் டிரைவ். பென் டிரைவில் உள்ள ஃபோல்டரைத் திறந்து ஐகான்கள் கண்ணில் பட்டாலே போதும், எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டியதில்லை. ஷார்ட்கட் ஐகானை விண்டோஸ் காட்டும் முறையில் இருந்த ஓட்டை அது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2010 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்டது.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு இன்னொரு சிக்கல். பிளாஸ்டர் என்ற புழு, அதாவது நெட் வழியாகத் தானே பரவும் வைரஸ், 2003 ஆகஸ்டில் பரவியது. அதைத் தடுக்கும் அப்டேட் ஜூலை 16 அன்றே வந்துவிட்டது. ஆனால் புதிதாக விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கணினியில் அந்த அப்டேட்டை இறக்க நெட்டை இணைத்தால், அது இறங்கி முடிவதற்குள் புழு வந்து ஒட்டிக்கொள்ளும். மருந்து வாங்கப் போகும் வழியிலேயே நோய் தொற்றுவது போல. 2004இல் மைக்ரோசாஃப்டே பாதுகாப்பு அப்டேட்டுகளை சிடியில் போட்டுக் கேட்டவர்களுக்கு இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. ஆக, டிஸ்க்கில் அப்டேட் போடுவது குறுக்குவழி அல்ல. தயாரித்த நிறுவனமே கையாண்ட வழி.

## சிலிண்டர் வீட்டுக்கு வருவது வேறு, பொருத்துவது வேறு

கேஸ் சிலிண்டரை ஏஜென்சி ஆள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினாலும், நாமே குடோனுக்குப் போய் வண்டியில் ஏற்றி வந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேஸ். சீல் இருக்கிறதா என்று பார்ப்பதும், ரெகுலேட்டரை மாட்டுவதும் இரண்டிலும் ஒன்றுதான்.

அப்டேட்டும் அப்படித்தான். அதில் நான்கு வேலைகள் உள்ளன. இந்தக் கணினிக்கு எது தேவை என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. அதைக் கொண்டுவருவது இரண்டாவது. வந்தது அசல்தானா என்று சரிபார்ப்பது மூன்றாவது. உரிய இடத்தில் பொருத்துவது நான்காவது. நெட் இருந்தால் விண்டோஸ் அப்டேட் இந்த நான்கையும் சத்தமில்லாமல் செய்துவிடும். டிஸ்க் வழியாகப் போகும்போது மூன்றாவதும் நான்காவதும் கணினியிடமே இருக்கும். முதல் இரண்டும் நம் தலையில் விழும்.

இரண்டாவது வேலைதான் பெரிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கஷ்டம் முதல் வேலையில்தான். டிஸ்க் வழி அப்டேட் தோற்றுப்போனால், பெரும்பாலும் கொண்டுபோன ஃபைலே அந்தக் கணினிக்கு உரியதாக இருக்காது.

## பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது

மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அதன் முன்னால் கேபி என்ற இரண்டு எழுத்துகள் வரும். பாட எண் போல இது ஓர் அடையாளம், அவ்வளவுதான். அப்டேட் ஃபைலின் பெயர் டாட் எம்எஸ்யூ என்று முடியும். எம்எஸ்யூ என்பது ஒரு பொட்டலம்: மாற்ற வேண்டிய ஃபைல்கள், எந்தக் கணினிக்கு இது பொருந்தும் என்ற விதி, மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் மூன்றும் அதற்குள் இருக்கும். டிஜிட்டல் கையொப்பம் என்பது அரக்கு முத்திரை மாதிரி. வழியில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது, கணினி ஏற்காது. அதனால்தான் டிஸ்க் யார் கையில் வந்தாலும் மூன்றாவது வேலை கெட்டுப்போவதில்லை.

பொருத்தும் இடம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கு. விண்டோஸின் ஒவ்வொரு உறுப்பும் அதன் பல பதிப்புகளும் அங்கே இருக்கும். சிஸ்டம்32 ஃபோல்டரில் நாம் பார்க்கும் ஃபைல்களில் பெரும்பாலானவை இந்தக் கிடங்கில் உள்ள ஃபைலுக்கே இன்னொரு பெயர். அப்டேட் முதலில் புதிய பதிப்பைக் கிடங்கில் அடுக்கும், பிறகு பெயரைப் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பும். சும்மா ஃபைலை இழுத்துப் போட்டு ஒட்டினால் அப்டேட் ஆகாததற்குக் காரணம் இதுவே. கிடங்குக் கணக்கில் ஏறாத சரக்கை விண்டோஸ் தன்னுடையதாக எண்ணாது.

ரீஸ்டார்ட் ஏன்? குழாய் மாற்றுகிற பிளம்பர் முதலில் மேல்தொட்டி வால்வை அடைப்பார். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயைக் கழற்ற முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலையும் அப்படித்தான் மாற்ற முடியாது. எல்லாம் நின்று மீண்டும் எழும் இடைவெளியில்தான் மாற்ற முடியும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் பெயர்மாற்றம் பாதியில் நிற்கும். பெரும்பாலும் விண்டோஸ் பழைய நிலைக்கே திரும்பிவிடும், ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் கரண்ட் அடிக்கடி போகும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: அப்டேட் என்பது விதியும் முத்திரையும் சேர்ந்த பொட்டலம். கணினி அதைக் கிடங்கில் ஏற்றி, ரீஸ்டார்ட்டின்போது பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறது. நம் சொந்த ஃபைல்களை அது தொடுவதில்லை.

## ஒரு வருடம் விட்டுப்போனால் பன்னிரண்டும் வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 10 முதல் மாத அப்டேட் குமுலேட்டிவ், அதாவது திரட்டு அப்டேட். பழைய பாக்கியையும் சேர்த்து வரும் கரண்ட் பில்லைப் போல, இந்த மாதப் பொட்டலத்திலேயே போன மாதங்களின் திருத்தங்களும் இருக்கும். கடைசியாக வந்த ஒன்றை எடுத்தால் போதும். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அமெரிக்கக் காலையில் இது வெளியாகும். நமக்கு அப்போது இரவு. ஆகவே புதன்கிழமைக்குப் பிறகு டிஸ்க் தயாரிப்பது நல்லது.

இதில் இரண்டு விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நெட்டில் இருப்பவர்களுக்கு இவை கண்ணிலேயே படாது, டிஸ்க்கோடு போகிறவர்களைத்தான் மாட்டிவிடும்.

முதலாவது சர்வீசிங் ஸ்டாக். அப்டேட்டைப் பொருத்தும் வேலையைச் செய்கிற விண்டோஸ் உறுப்பு அது. புது மாதிரி ஸ்க்ரூ வந்தால் அதற்கான ஸ்க்ரூடிரைவர் முதலில் வேண்டும் அல்லவா? அதுபோல, பொருத்துகிற உறுப்பே பழையதாக இருந்தால் புதிய பொட்டலத்தைப் பிரிக்கவே அதற்குத் தெரியாது. 2021 முதல் விண்டோஸ் 10இன் புதிய பதிப்புகளுக்கு இது மாத அப்டேட்டோடு சேர்ந்தே வருகிறது. பழைய பதிப்புகளில் தனியாக முன்கூட்டிப் போட வேண்டும். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் இயந்திரம் என்றால் கேபி 4490628, கேபி 4474419 இரண்டும் இல்லாமல் 2019 ஆகஸ்டுக்குப் பிந்தைய அப்டேட்டுகள் ஏறாது. புதிய வகைக் கையொப்பத்தைப் படிக்கும் திறமையை அதற்குத் தருபவை அவை.

இரண்டாவது செக்பாயின்ட், அதாவது இடைநிலைக் கல். பாக்கி ரொம்ப நீண்டுபோனதால், விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து “இந்தக் கல் வரை ஒரு ஃபைல், அதற்கு மேல் இன்னொரு ஃபைல்” என்று பிரித்துத் தருகிறார்கள். முதல் கல் 2024 செப்டம்பர் 10 அன்று வந்த கேபி 5043080. அது இல்லாத கணினியில் பிந்தைய மாத அப்டேட்டை மட்டும் கொண்டுபோனால் ஏறாது.

## சரியான ஃபைலைத் தேர்ந்தெடுப்பது

இங்கே நேரம் செலவழியுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

முதலில் அப்டேட் வேண்டிய கணினியின் முன் உட்காருங்கள். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வின்வெர் என்பதை ஆங்கிலத்தில் ஆறு எழுத்தாக அடித்து என்டர் தட்டுங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் “வெர்ஷன் 24ஹெச்2, ஓஎஸ் பில்ட் 26100.1742” என்பதுபோல் ஒரு வரி இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள 26100 எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லும். பின்னால் உள்ள 1742 எந்த மாதம் வரை அப்டேட் ஆகியிருக்கிறது என்பதைச் சொல்லும். மேலே சொன்ன கேபி 5043080 ஏறிய கணினியில் வரும் எண் இதுதான். 1742ஓ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் கல்லைத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம். குறைவாக இருந்தால் கட்டாயம் வேண்டும்.

அடுத்து செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் பிராசசர் வகையைப் பாருங்கள். எக்ஸ்64, எக்ஸ்86, ஆர்ம்64 என்ற மூன்றில் ஒன்று. இந்த விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவை நம்பினால் திரும்ப ஒரு நடை நடக்க நேரும்.

நெட் உள்ள கணினியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்தைத் திறந்து, பதிப்பையும் “குமுலேட்டிவ் அப்டேட்” என்ற சொற்களையும் போட்டுத் தேடுங்கள். தேதிப்படி புதியதை எடுங்கள். தலைப்பில் “பிரிவ்யூ” என்று இருந்தால் அது முன்னோட்டம், விட்டுவிடுங்கள். “டாட்நெட் ஃபிரேம்வொர்க்” என்று இருந்தால் அது வேறு பொருள், அதை அப்புறம் பார்க்கலாம். “சர்வர்” என்று இருந்தால் உங்களுடையது அல்ல. டவுன்லோட் பொத்தானை அழுத்தும்போது சின்ன ஜன்னலில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் வரலாம். 24ஹெச்2 என்றால் மாத அப்டேட்டும் அந்த இடைநிலைக் கல்லும் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பலர் முதல் இணைப்பை மட்டும் இறக்கிவிட்டு ஜன்னலை மூடிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் இறக்குங்கள்.

இறங்கிய ஃபைலின் பெயரை ஒருமுறை வாசியுங்கள். விண்டோஸ் பதிப்பு, கேபி எண், பிராசசர் வகை மூன்றும் வரிசையாக இருக்கும். அதன்பின் அடிக்கோடு ஒன்று, அதைத் தொடர்ந்து எண்ணும் எழுத்துமாக 40 குறிகள் கொண்ட ஒரு நீண்ட வால். அந்த வால் குப்பை அல்ல. அது ஃபைலின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த கைரேகை. விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் என்ற கட்டளையை ஹாஷ்ஃபைல் என்ற தேர்வோடு, எஸ்ஹெச்ஏ1 முறையில் ஓட்டினால் இதே 40 குறிகள் வர வேண்டும். வந்தால் ஃபைல் முழுதாக இறங்கியிருக்கிறது. ஃபைலின் பெயரை மாற்றி வாலை வெட்டிவிடாதீர்கள். டிஸ்க்கில் எழுதிய பிறகும் இதே சோதனையைச் செய்யலாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதன் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 22ஹெச்2 பதிப்புக்கு அன்று வந்த கேபி 5066791, பில்ட் 19045.6456. அதுவரைக்கும் எல்லோரும் ஏற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிந்தையவை நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்த கணினிகளுக்கானவை.

## டிஸ்க்கில் எழுதும்போது

சிடியில் 700 எம்பிதான் பிடிக்கும். இன்றைய மாத அப்டேட்டுக்கு அது போதாது. டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், ஆனால் விண்டோஸ் 4.38 என்றே காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. விண்டோஸ் 11இன் முழு ஐஎஸ்ஓ, அதாவது விண்டோஸ் மொத்தமும் அடங்கிய ஒரே ஃபைல், 5 ஜிபியைத் தாண்டுவதால் சாதாரண டிவிடியில் அடங்காது. 8.5 ஜிபி பிடிக்கும் இரட்டை அடுக்கு டிவிடி வேண்டும். பென் டிரைவ் என்றால் அதை என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது.

டிவிடியை விண்டோஸில் போட்டவுடன் “யுஎஸ்பி போல” பயன்படுத்துவதா, “சிடி, டிவிடி பிளேயரோடு” பயன்படுத்துவதா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அது ஒரே மூச்சில் எழுதி மூடிவிடும், பழைய டிரைவ்களும் படிக்கும். வேகத்தை அதிகபட்சத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள். மலிவான டிஸ்க்கில் வேகமாக எழுதினால் ஓரப்பகுதியில்தான் பிழை வரும், பெரிய ஃபைலின் வால் அங்கேதான் கிடக்கும்.

எழுதி முடித்துவிடும் டிஸ்க்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நெட் இல்லாத அந்தக் கணினியில் வைரஸ் இருந்தாலும் அது டிஸ்க்கில் ஏறித் திரும்பி வர முடியாது. பென் டிரைவில் அந்த நிம்மதி இல்லை. பாதுகாப்பு முக்கியமான இடங்களில் டிஸ்க்கையே நாங்கள் பரிந்துரைப்போம்.

## பொருத்தும் முறை

அங்கே போனதும் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். போர்டு பேட்டரி தீர்ந்த கணினி பல வருடம் பின்னால் இருக்கும், அப்போது கையொப்பச் சோதனை குழம்பும். சரியான தேதி வையுங்கள். சி டிரைவில் 10 ஜிபியாவது காலி இருக்கட்டும்.

ஃபைல்களை டிஸ்க்கிலிருந்து சி டிரைவில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அங்கிருந்தே ஓட்டுங்கள். டிஸ்க்கிலிருந்து நேராக ஓட்டினால் நடுவில் ஒரு கீறல் வேலையைக் கெடுக்கும். நெட்வொர்க் ஃபோல்டரும் வேண்டாம். பல எம்எஸ்யூ ஃபைல்கள் உள்ள பகிர்வு ஃபோல்டரிலிருந்து இருமுறை கிளிக் செய்து ஓட்டினால் பிழை வருவதை 2025இல் மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது.

இடைநிலைக் கல் தேவை என்றால் அதை முதலில் இருமுறை கிளிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கேட்டால் செய்யுங்கள். பிறகு மாத அப்டேட். முதல் ஐந்து, பத்து நிமிடம் பச்சைக் கோடு நகராமலே இருக்கலாம், அவசரப்பட்டு மூடாதீர்கள். ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் மறுபடி வின்வெர். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் ஏறியிருந்தால் வேலை முடிந்தது. “இன்ஸ்டால் ஆகிவிட்டது” என்ற செய்தியை விட இந்த எண்ணையே நம்புங்கள், ஏனென்றால் ரீஸ்டார்ட்டின்போது பின்வாங்கும் அப்டேட்டுகளும் உண்டு.

24ஹெச்2க்கு முந்தைய பதிப்பிலிருந்து 24ஹெச்2க்குப் போவது வேறு வேலை. அதற்கு எம்எஸ்யூ போதாது, முழு ஐஎஸ்ஓ வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைத் திறந்து செட்டப் ஃபைலை ஓட்டி, அப்டேட்டைத் தேடும் தேர்வில் “இப்போது வேண்டாம்” என்று வைத்து, சொந்த ஃபைல்களையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் குறித்தால் எதுவும் அழியாது. டிஸ்க்கிலிருந்து கணினியை பூட் செய்து செட்டப்பை ஓட்டினால் அந்தத் தேர்வே வராது. அழித்துவிட்டுப் போடுவது என்ற பயம் அங்கிருந்துதான் வந்தது.

## எங்கே சிக்கும்

“இந்த அப்டேட் உங்கள் கணினிக்குப் பொருந்தாது” என்பதுதான் அதிகம் வரும் செய்தி. பலர் இதைப் பார்த்துக் கணினி கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை. பதிப்பு தவறு, பிராசசர் வகை தவறு, முன்தேவை இல்லை, அல்லது அதே அப்டேட்டோ அதைவிடப் புதியதோ ஏற்கெனவே இருக்கிறது: இந்த நான்கில் ஒன்று. எழுதிவைத்த தாளோடு ஃபைலின் பெயரை ஒப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிழை எண் 80070017 என்று முடிந்தால் டிஸ்க் படிக்கவில்லை; கீறலோ மோசமான எழுத்தோ. வேறு டிஸ்க்கில் எழுதுங்கள். 80070070 என்றால் இடம் இல்லை. 800எஃப்0823 என்றால் சர்வீசிங் ஸ்டாக் பழசு. 80073712 என்றால் கிடங்கே சேதமாகியிருக்கிறது. நெட் இருந்தால் டிஸ்ம் என்ற கருவி தானாக ரிப்பேர் செய்யும். நெட் இல்லாத இடத்தில் அதற்கு மூலச்சரக்கு வேண்டும். அதே பதிப்பின் ஐஎஸ்ஓவைத் திறந்து, அதிலுள்ள இன்ஸ்டால் விம் ஃபைலை மூலமாகக் காட்டி, ரீஸ்டோர்ஹெல்த் தேர்வை லிமிட்ஆக்சஸ் தேர்வோடு சேர்த்து ஓட்ட வேண்டும். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், செட்டப் என்ற இடத்தில் ஒவ்வொரு முயற்சியின் முடிவும் கேபி எண்ணோடு பதிவாகியிருக்கும். பிழை எண்ணைத் தேட அங்கே போங்கள்.

## இதில் சேராதவை

மாத அப்டேட்டில் டாட்நெட், ஆஃபீஸ், பிரவுசர்கள் சேராது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபென்டரின் வைரஸ் பட்டியலும் தனி. அதை எம்பாம்-எஃப்இ என்ற ஒரே ஃபைலாக மைக்ரோசாஃப்ட் தளத்தில் எடுக்கலாம், இருமுறை கிளிக் செய்தால் போதும். பட்டியல் தினமும் மாறுவதால் டிஸ்க்கை எழுதும் அன்றே எடுங்கள்.

கணினிகள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றாகத் தேடுவது கட்டுப்படியாகாது. மைக்ரோசாஃப்ட் டபிள்யூசஸ்ஸ்கேன்2 என்ற கேப் ஃபைலைத் தருகிறது. இது மருந்துச்சீட்டு, மருந்து அல்ல. நெட் இல்லாமலே கணினியைச் சோதித்து எந்தெந்தப் பாதுகாப்பு அப்டேட் விடுபட்டிருக்கிறது என்று சொல்லும், அப்டேட்டுகளை நாம்தான் கொண்டுபோக வேண்டும். லினக்ஸில் டெபியன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி இதே வேலையைச் செய்கிறது. தேவைப்பட்டியலை ஒரு கணினியில் எடுத்து, இன்னொன்றில் இறக்கி, திரும்ப முதலாவதில் ஏற்றலாம்.

கடைசியாக, டிஸ்க்கின் மேல் பதிப்பு, பிராசசர் வகை, கேபி எண், தேதி நான்கையும் எழுதுங்கள். சிடிக்கான மென்முனை மார்க்கரில் எழுத வேண்டும், பால்பாயின்ட் பேனாவில் அல்ல. சிடியில் தகவல் அடுக்கு இருப்பது நாம் எழுதும் மேல்பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில்தான். பேனா முனை அழுத்தினால் அதிலேயே கீறல் விழும். டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தாங்கும். அடுத்த மாத டிஸ்க் வந்ததும் பழையதை உடைத்துப் போட்டுவிடுங்கள். இடைநிலைக் கல் உள்ள டிஸ்க்கை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், புதிதாக விண்டோஸ் போடும் கணினிக்கு அது மறுபடி தேவைப்படலாம்.